ஆராய்ச்சிக்கு வந்தவரும் வராதவரும்



சென்னைக் கடற்கரை நிலையத்தில் மின்சார ரயிலேறித் தாம்பரம் நோக்கிச் செல்வோர், தாம்பரத்திற்கு முந்திய நிலையத்தின் பலகையில் ‘தாம்பரம் சானடோரியம்’ என்று எழுதியிருக்கக் காண்பர். ஆஸ்பத்திரியின் பெயரே ரயில் நிலையத்திற்கும் பெயராகிவிட்டது. 1928-ஆம் ஆண்டில் டாக்டர் டேவிட் சௌரி முத்து காசநோயாளருக்காக அங்கே நிறுவிய ஆரோக்கிய நிலையம், 1937-இல் அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தது. நான் குடியிருக்கும் பீர்க்கன்கரணைக்கு அது அண்டை அயல் போன்றது. ஜி.எஸ்.டி. சாலையில் வடக்கே திரும்பி, இரும்புலியூரையும் தாம்பரத்தையும் கடந்தால் அதை அடைந்துவிடலாம்.

1986-ஆம் ஆண்டில், இந்தியாவிலேயே முதன்முறையாக எச்.ஐ.வி. தொற்று சென்னையில் கண்டறியப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் செய்த பணி அது. அடுத்து வந்த ஆண்டுகளில் அத்தொற்றுடையோர், காசநோயும் உடன்பற்றியவராய், தாம்பரத்திற்கு வரத் தொடங்கினர். நம் மாவட்டத்தார் மட்டுமல்லர், ஆந்திரத்திலிருந்தும் வந்தனர். 2004-இல் மத்திய அரசாங்கம் இந்நோய்க்கான மருந்தை இலவசமாக வழங்க முற்பட்டபோது, முதலில் தொடங்கிய சில மையங்களில் தாம்பரமும் ஒன்று. அதன்பின் எச்.ஐ.வி. தொற்று என்பது உடனே உயிரைப் பறிக்கும் நோயாக இல்லாமல், சர்க்கரை நோயைப் போலப் பல்லாண்டு காலம் மருந்துடன் வாழக்கூடிய நீடித்த நோயாக மாறிற்று.

ஒரு நோய் நீடித்த நோயானால் புதிய கேள்விகள் எழுகின்றன. உயிர் பிழைத்தவர் எவ்வாறு வாழ்கிறார்? அவருடைய நினைவும் கவனமும் சிந்தனை வேகமும் முன்போல் இருக்கின்றனவா? எச்.ஐ.வி. கிருமி, தொற்றிய சில நாட்களுக்குள்ளேயே மூளையை எட்டக்கூடியது என்பதால் இக்கேள்வி வெறும் ஊகத்தில் பிறந்ததன்று. இவற்றை அளப்பதற்குச் சோதனைகள் உள்ளன. பல சொற்களைப் படித்துக் காட்டி, அரைமணி நேரம் கழித்து எத்தனை நினைவிருக்கின்றன என்று கேட்பார்கள். ஒரு நிமிஷத்தில் எத்தனை விலங்குகளின் பெயரைச் சொல்ல முடியும் என்று பார்ப்பார்கள். சிதறிக் கிடக்கும் எண்களை வரிசையாகக் கோடிட்டு இணைக்கச் சொல்வார்கள். சிறு துளைகளில் முளைகளைச் செருகச் சொல்லி நேரம் குறிப்பார்கள்.

இத்தகைய சோதனைகள் நம் பகுதியிலும் நடந்திருக்கின்றன. சென்னையில் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான ஆய்வு ஒன்றில், மருந்து தொடங்காத எச்.ஐ.வி. நோயாளர் 30 பேரும், தொற்றில்லாதவர் 30 பேரும் கலந்துகொண்டனர். நோயாளரில் பாதிக்கு மேற்பட்டவர்க்கு அறிதிறனில் குறைவு காணப்பட்டது. பெங்களூரில் 119 பேரைச் சோதித்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய நூற்றுக்கு அறுபது பேருக்கு லேசான அல்லது நடுத்தரமான குறைவு இருந்தது. இரண்டும் பொறுப்புடன் செய்த பணிகள்; அவற்றைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் ‘பாதிப் பேர்’, ‘அறுபது பேர்’ என்னும் எண்கள் ஆய்வுக் கட்டுரையை விட்டு வெளியேறிப் பத்திரிகைக்கும் திண்ணைப் பேச்சுக்கும் வந்துவிட்டால், அவை எவரைப் பற்றிய எண்கள் என்பது மறந்துபோகிறது. அந்த முப்பது பேரில் பாதி என்பது, நோயுற்ற எல்லாரிலும் பாதி என்றாகிவிடுகிறது.

இதனால் வரும் கேடு சிறியதன்று. மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டியோ பள்ளியில் பாடம் சொல்லியோ வாழ்கின்ற ஒருவரிடம், ‘உங்களைப் போன்றவர்களில் பாதிப் பேருக்கு மூளை சரியாக வேலை செய்யாதாமே’ என்று ஒரு மேலதிகாரி சொன்னால், அவர் வாழ்வு என்னாகும்? எச்.ஐ.வி. உடையவரை வேலையில் பாகுபடுத்துதல் கூடாதென்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சட்டம் வாயை மூடலாம். மனத்திலுள்ள எண்ணை அழிக்காது. எண் மறுபுறம் பிழைத்தாலும் கேடுதான். குறையே இல்லை என்று ஓர் ஆய்வு முடிவு கட்டிவிட்டால், மாத்திரை உண்ணும் வேளையை மெய்யாகவே மறந்துபோகும் நோயாளிக்கு உதவ எவரும் முன்வரமாட்டார்.

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது நாம் அறிந்த பழமொழி. புள்ளியியல் என்னும் பெரிய சாத்திரத்தின் வித்து இதில் இருக்கிறது என்று சொல்வேன். ஆயினும் இப்பழமொழி பேசாமல் ஒத்துக்கொண்ட நிபந்தனை ஒன்று உண்டு: பானை சமமாக வெந்திருக்க வேண்டும். அடியில் தீய்ந்து, மேலே அரிசி அரிசியாக நிற்கும் பானையில், கரண்டி எட்டிய இடத்துப் பருக்கை அந்த இடத்திற்கு மட்டுமே பதம் சொல்லும். நோயாளர் கூட்டம் அத்தகைய பானை. ஆராய்ச்சியாளரின் கரண்டி எங்கே எட்டுகிறது என்பதைத்தான் ‘ஆய்வுக்கு ஆள் சேர்த்தல்’ என்கிறோம். அதனால் முடிவு ஒருபுறமாகச் சரிவதைச் சாய்வு என்று அழைப்போம்.

கரண்டி எட்டும் இடம் மாறினால் எண் எவ்வளவு மாறும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு நல்ல சான்று கிடைக்கிறது. அங்கே ஆறு பல்கலைக்கழக மையங்களில் 1,555 எச்.ஐ.வி. நோயாளரைச் சோதித்து, 2010-இல் முடிவை வெளியிட்டனர். மொத்தத்தில் நூற்றுக்கு 52 பேர் சோதனையில் குறைவு காட்டினர். ஆனால் அவ்வாராய்ச்சியாளர் அதோடு நிற்கவில்லை. தலைக்காயம், போதைப் பழக்கம், வேறு நோய்கள் போன்று மூளையைப் பாதிக்கக்கூடிய பிற காரணங்கள் எந்த அளவில் இருந்தன என்று பார்த்து, நோயாளரை மூன்று பிரிவாக்கினர். அத்தகைய காரணங்கள் மிகக் குறைவாக இருந்தவரில் குறைவு காட்டியவர் நூற்றுக்கு 40. நடுத்தரமாக இருந்தவரில் 59. மிகுதியாக இருந்தவரில் 83. ஒரே நோய், ஒரே சோதனை, ஒரே ஆராய்ச்சிக் குழு. யாரை உள்ளே விடுகிறோம் என்பதைப் பொறுத்து எண் நாற்பதாகவும் ஆகிறது, எண்பத்து மூன்றாகவும் ஆகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூன்றாம் பிரிவினரை நீக்கிப் பார்த்தபோது, அன்றாட வாழ்வில் எந்தத் தொல்லையும் இல்லாமல், சோதனைத் தாளில் மட்டும் குறைவு காட்டியவர் நூற்றுக்கு 33 பேர். கடுமையான மறதி நோய் என்று சொல்லத்தக்கவர் இருவர் மட்டுமே.

நோயாளரை ஆஸ்பத்திரி வாயிலில் நின்று சேர்ப்பது எளிது. அங்கே முகவரி இருக்கிறது, சீட்டு இருக்கிறது, இரத்தப் பரிசோதனைக் கணக்கு இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரி வாயிலில் எவர் நிற்கிறார் என்பதை எண்ணிப் பாருங்கள். ஒரு கணக்கைச் சொல்கிறேன்; இது விளக்கத்திற்காக நான் கட்டியது. ஒரு நோயால் ஆண்டுதோறும் 100 பேர் படுக்கிறார்கள். அவர்களில் 80 பேர் ஒரு மாதத்தில் நலமடைந்து வீடு திரும்புகின்றனர். மற்ற 20 பேருக்குப் பத்து மாதம் பிடிக்கிறது. அப்படியானால் அந்நோய் பெரும்பாலும் எளிதில் தீர்வது என்பது உண்மை. இப்பொழுது ஏதேனும் ஒருநாள் அந்த வார்டுக்குள் நுழையுங்கள். விரைவில் தேறுவோர் ஆண்டு முழுதும் பிடிக்கும் படுக்கைக் கணக்கு 80 மாதம். நீண்டு கிடப்போர் பிடிப்பது 200 மாதம். நீங்கள் காணும் பத்து நோயாளரில் ஏழு பேர் நீண்டு கிடப்பவராகவே இருப்பர். ‘இந்நோய் எளிதில் தீராதது’ என்று சொல்லிக்கொண்டு வெளியே வருவீர்கள். பட்ரீஷியா கோஹன், ஜேகப் கோஹன் என்னும் இருவர் 1984-இல் இதற்கு ‘மருத்துவரின் மாயத்தோற்றம்’ என்று பொருள்படும் பெயர் சூட்டினர். மருத்துவர் கெட்டிக்காரர் அல்லர் என்பது இதன் பொருளன்று. தேறியவர் திரும்பி வந்து முகம் காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

இதைவிட நுட்பமான சாய்வொன்றை 1946-இல் ஜோசப் பெர்க்ஸன் என்னும் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் எடுத்துக்காட்டினார். நம் ஊர் வழக்கில் சொல்கிறேன். மறதி மட்டும் உள்ள முதியவரை எவரும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்வதில்லை. ‘வயசாகிவிட்டது’ என்று விட்டுவிடுவர். இருமல் மட்டும் உள்ளவர் தெருக்கோடி டாக்டரிடம் மருந்து வாங்கிக்கொள்வார். இருமலும் மறதியும் சேர்ந்து, மருந்தை உண்டாரா இல்லையா என்பதே தெரியாமல் போகும்போதுதான் மகனும் மருமகளும் பயந்து ஆட்டோ பிடிக்கிறார்கள். ஆகவே ஊரில் இருமலுக்கும் மறதிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாவிட்டாலும், ஆஸ்பத்திரியில் மட்டும் அவை இரண்டும் இணைபிரியாத் தோழர்போல் காட்சியளிக்கும்.

ஆஸ்பத்திரிக்கு வராதவர் எத்தனை பேர் இருக்கக்கூடும்? சென்னையிலேயே இதற்கு விடை தேடியிருக்கிறார்கள். ஸ்கார்ஃப் என்னும் மனநல ஆராய்ச்சி நிறுவனத்தார், நகரத்தின் ஒரு பகுதியில் வீடு வீடாகச் சென்று மனச்சிதைவு நோய் உள்ளவரைக் கண்டறிந்தனர். அவர்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர் தம் வாழ்நாளில் ஒருமுறைகூட அந்நோய்க்குச் சிகிச்சை பெறாதவர் என்று 1998-இல் வெளியான அவர்கள் கட்டுரை கூறியது. மருத்துவ வசதி மிகுந்த இம்மாநகரத்தின் நிலை அது. அந்நோய் நினைவையும் கவனத்தையும் எவ்வாறு பாதிக்கிறது என்று ஆஸ்பத்திரியில் அமர்ந்து ஆராய்ந்தால், அந்த நான்கில் ஒரு பங்கு கணக்கில் வருவதே இல்லை.

சரி, ஆஸ்பத்திரியை விட்டு விளம்பரம் செய்து ஆள் சேர்த்தால் என்ன? அங்கே சாய்வு வேறு திசையில் புறப்படுகிறது. ‘உங்களுக்கு மறதி தொல்லை கொடுக்கிறதா? எங்கள் ஆய்வில் சேருங்கள்’ என்று சுவரொட்டி ஒட்டினால், மறதியைப் பற்றிக் கவலைப்படுவோர் வருவர். கவலைப்படுவோரும் மறப்போரும் ஒருவரே அல்லர். உண்மையில் மறந்துபோகிறவர் அந்தச் சுவரொட்டியையும் மறந்துவிடக்கூடுமன்றோ? எழுத்தறியாதவர்க்கு அது கண்ணிலேயே படாது. நாள்கூலிக்குப் போகிறவர் ஒருநாள் ஊதியத்தை இழந்து வரமாட்டார். மூட்டு வலியுள்ள பாட்டி ரயில் நிலையத்துப் படிக்கட்டை நினைத்தே வீட்டில் தங்கிவிடுவார். எச்.ஐ.வி. போன்ற நோயானால், தெரிந்தவர் எவரேனும் பார்த்துவிடுவாரோ என்னும் அச்சம் எல்லாவற்றையும் மிஞ்சும். பீர்க்கன்கரணைக்காரர் தாம்பரத்திற்குப் போகாமல் வேறு ஊர் மருத்துவமனையைத் தேடுவதும், வெளியூர்க்காரர் தாம்பரத்திற்கு வருவதும் அதனால்தான்.

விளம்பரமின்றி எல்லார்க்கும் கடிதம் எழுதினாலும் இதே கதை. பிரிட்டனில் ‘பயோபாங்க்’ என்னும் பெரும் ஆய்வுக்காக 2006 முதல் 2010 வரை ஏறத்தாழ 92 லட்சம் பேர்க்கு அழைப்பு அனுப்பினர். வந்தவர் சுமார் 5 லட்சம். நூற்றுக்கு ஐந்தரைப் பேர். வந்தவர்கள் பொதுமக்களைக் காட்டிலும் புகைபிடித்தல் குறைந்தவர், பருமன் குறைந்தவர், வசதியான பகுதிகளில் வாழ்பவர் என்பது பின்னர் ஒப்பிட்டபோது தெரிந்தது. அரைக் கோடி என்பதற்கு அருகில்கூட வராத எண்தான் என்றாலும், ஐந்து லட்சம் மிகப் பெரிய மாதிரி. மாதிரி பெரிதாக இருப்பதனாலேயே சாய்வு தீர்ந்துவிடாது. சாய்ந்த தராசில் ஆயிரம் முறை நிறுத்தாலும் அதே பிழையே ஆயிரம் முறை வரும்.

நோயாளரை மட்டும் சொன்னேன். அவரோடு ஒப்பிடுவதற்கு நோயற்றவரையும் சேர்க்க வேண்டுமே, அங்கேதான் உங்களைப் போன்ற கல்லூரி மாணவர் மாட்டிக்கொள்கிறீர்கள். ஆராய்ச்சியாளர்க்கு அருகிலேயே கிடைப்பவர் நீங்கள். ஒரு காப்பியும் ஒரு நன்றியும் போதும். அல்லது ஆஸ்பத்திரி ஊழியர்களையே உட்கார வைப்பார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திச் செங்கல் சூளைக்குச் சென்ற நோயாளி ஒருவரையும், தேர்வு எழுதி எழுதிப் பழகிய பட்டதாரி ஒருவரையும் ஒரே மேசையில் அமர்த்தி, எண்களைக் கோடிட்டு இணைக்கச் சொன்னால் யார் முந்துவார் என்று கேட்க வேண்டுமா? அந்த வேற்றுமை முழுவதையும் நோயின் கணக்கில் எழுதிவிடுகிறோம். பள்ளிக்கூடம் செய்த வேலையை நோயின்மீது ஏற்றுவது இது. ஒப்பிடப்படுபவர் வயதிலும் படிப்பிலும் தொழிலிலும் அதே தெருவைச் சேர்ந்தவராக இருத்தல் வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

நியாயமாக ஒப்பிடுவதற்கு ஒரு வழியை நம் சென்னையே உலகுக்குக் காட்டியது. 1956-இல் இங்கே காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் காசநோயாளரை ஆரோக்கிய நிலையத்தில் வைத்தே குணப்படுத்த வேண்டும் என்பது பரவலான கொள்கை. வீட்டில் மருந்துண்டவரையும் சானடோரியத்தில் இருந்தவரையும் வெறுமனே ஒப்பிட்டிருந்தால் ஒன்றும் விளங்கியிராது. ஏனெனில் யாருக்கு இடம் கிடைக்கிறது, யார் குடும்பத்தை விட்டுச் செல்லக்கூடும் என்பவை அவர்களை முன்பே பிரித்துவைத்திருக்கும். ஆகவே குலுக்கல் முறையில் நோயாளரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் நெருக்கமான, ஏழ்மையான தம் வீடுகளிலேயே தங்கினர். மறு பிரிவினர் சானடோரியத்தில் தங்கினர். இருவர்க்கும் மருந்து ஒன்றே. ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தேறியிருந்தனர். 1959-இல் இம்முடிவு வெளியானபின், உலகெங்கும் காசநோய் மருத்துவம் வீட்டை நோக்கித் திரும்பிற்று.

இங்கே ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பிரிப்பதற்குக் குலுக்குவது வேறு. அழைப்பதற்குக் குலுக்குவது வேறு. சென்னை ஆய்வு, வந்த நோயாளரைப் பிரிப்பதற்குக் குலுக்கிற்று. எந்த மருத்துவ முறை மேலானது என்பதற்கு அது போதும். ஆனால் ‘இந்நோயாளரில் எத்தனை பேருக்கு நினைவு குன்றியிருக்கிறது?’ என்ற கேள்விக்கு அது உதவாது. நோயை எவருக்கும் குலுக்கிக் கொடுக்க முடியாதல்லவா? அங்கே அழைப்பதில்தான் நேர்மை வேண்டும்.

அழைக்கும் நேர்மைக்கும் சான்று பக்கத்திலேயே இருக்கிறது. ‘10/66’ என்னும் விசித்திரமான பெயருடைய உலக ஆராய்ச்சிக் குழு ஒன்றுண்டு. முதுமை மறதி நோயுற்றோரில் நூற்றுக்கு 66 பேர் வளரும் நாடுகளில் வாழ, மக்களிடையே சென்று செய்யும் ஆராய்ச்சியில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவே அவர்களைப் பற்றியது என்னும் மனக்குறையே அப்பெயர். சென்னையிலும் வேலூர்ப் பகுதிக் கிராமங்களிலும், வரையறுத்த ஓர் இடத்தில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லாரையும் வீடு தேடிச் சென்று கண்டனர். ஒவ்வோரிடத்திலும் சுமார் ஆயிரம் பேர். படிப்பில்லாதவரைப் படிப்பின்மைக்காகவே மறதி நோயாளர் என்று முத்திரை குத்திவிடாதபடி சோதனைகளை அமைத்தனர். 2008-இல் அவர்கள் முடிவு வெளியாயிற்று.

நம் பீர்க்கன்கரணையில் அப்படி ஓர் ஆய்வு செய்வதாக வைத்துக்கொள்வோம். 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்த பேரூராட்சி இது. வாக்காளர் பட்டியல் இருக்கிறது, வீட்டு வரிக் கணக்கு இருக்கிறது. வாடகைக்கு வந்து ஓராண்டில் மாறிச் செல்வோர் இவற்றில் இருக்கமாட்டார் என்பதால், தெருத்தெருவாக நடந்து நாமே பட்டியல் எடுக்க வேண்டும். நீடித்த நோயுள்ளவர் 100 பேரைப் பட்டியலிட்டோம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குச் சென்றோம். 60 பேர் அகப்பட்டனர். 40 வீடுகள் பூட்டிக் கிடந்தன, அல்லது உள்ளிருந்தோர் மறுத்துவிட்டனர். அந்நேரத்தில் வீட்டில் இருப்பவர் யார்? வேலைக்குப் போக இயலாதவர். அகப்பட்ட 60 பேரில் 15 பேருக்கு அறிதிறன் குறைவு. நூற்றுக்கு 25 என்று எழுதிவிடலாமா?

பூட்டிய 40 வீட்டாரில் ஒருவருக்கும் குறைவில்லை என்றால், உண்மை நூற்றுக்கு 15. அவ்வளவு பேருக்கும் குறைவு உண்டென்றால், நூற்றுக்கு 55. பதினைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடையே எங்கோ உண்மை இருக்கிறது. நம்மிடம் உள்ள இருபத்தைந்து அதில் ஒரு புள்ளி. மீண்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் செல்கிறோம். மறுத்தவரிடம் பொழுது கேட்டுக்கொண்டு மூன்றாம் முறையும் செல்கிறோம். விடுபட்டவர் பத்துப் பேராகக் குறைகின்றனர். சோதித்த 90 பேரில் 18 பேருக்குக் குறைவு எனின், உண்மை நூற்றுக்கு 18-க்கும் 28-க்கும் இடைப்பட்டது என்று அறிக்கையில் எழுதலாம். எஞ்சிய அந்தப் பத்து வீடுகளின் எண்ணிக்கையையும், அங்கிருப்போரின் வயதையும் படிப்பையும் அண்டை வீட்டாரிடம் கேட்டு அறிந்த அளவில், அறிக்கையின் முதற்பக்கத்திலேயே சேர்த்துவிடலாம்.